சனிக்கிழமைப் பேச்சு

ஜூலை 8, 2024

இன்று பட்டறை போனை நான் எடுத்தேன். இம்பெல்லர் கடைசல் வேலை கொடுக்கும் பம்ப் கம்பெனியிலிருந்து. “சார் இல்லைங்களா?” “இருக்காருங்க, பேச முடியாதுங்க.” அந்தப் பக்கம் அவசரமாக ஏதோ டிராயிங் மாற்றம் சொன்னார்கள். எழுதிக்கொண்டேன். நாலு மாதப் பில் பாக்கி நிற்கிறதே, அதைக் கேட்க நாக்கு எழவில்லை. கணபதிப் பகுதியில் பட்டறை தொடங்கிய நாளிலிருந்து கணக்கு என் கையில், பேச்சு அவர் வாயில்.

தூக்கத்திலேயே பக்கவாதம் வந்துவிட்டது என் வீட்டுக்காரருக்கு. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். எப்போது தொடங்கியதென்றே தெரியாதவருக்கு எப்படிப் போடுவார்கள்? மூளையின் இடப்பக்கம். வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. சொல்வதெல்லாம் புரிகிறது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் “வந்து… வந்து…” அவ்வளவுதான்.

ஜூலை 11

ஸ்பீச் தெரபிஸ்ட் பெண் இன்று நெடுநேரம் இருந்தார். பாரிசில் புரோக்கா என்ற மருத்துவர் 1861-ல் பார்த்த ஒரு நோயாளியைப் பற்றிச் சொன்னார். அந்த மனிதருக்கு ‘டான்’ என்ற ஒலியைத் தவிர வேறெதுவும் வராதாம், ஆஸ்பத்திரியில் அவர் பெயரே டான் ஆகிவிட்டதாம். இறந்த பிறகு மூளையைப் பார்த்தால் இடப்பக்கம் முன்பகுதியில் சேதம். இவருக்கும் ஏறக்குறைய அந்த இடம்தான்.

ஒன்று இரண்டு மூன்று எண்ணச் சொன்னார். பத்துவரை தடையில்லாமல் எண்ணினார் இவர்! கிழமைகளும் வந்தன. பழகிப்போனதும் பாட்டும் மூளையில் வேறு வழியாக வருமாம். “எத்தனை பசங்க உங்களுக்கு?” என்று கேட்டதும் எல்லாம் நின்றுவிட்டது.

ஜூலை 13

தூங்கவில்லை.

ஜூலை 20, சனி

எதிர்வீட்டுப் பேராசிரியை விடாமல் கூட்டிப்போனார். கல்லூரி வகுப்பறை ஒன்றில் மேடைப் பேச்சுப் பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கூட்டம், தமிழும் ஆங்கிலமும் கலந்து. விருந்தாளியாகப் போனால் காசில்லை. ஐ.டி. பிள்ளைகள், ஒரு மருந்துக்கடைக்காரர், ஓய்வுபெற்ற தபால் அதிகாரி, கல்யாணத்துக்கு முன் கூச்சம் போக வேண்டுமென்று வந்த ஒரு பையன்.

எனக்குத் தெரிந்த மேடை பட்டிமன்ற மேடை. வ.உ.சி. மைதானத்தில் இவரோடு பாயை விரித்து உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஒருவர் முழங்குவார், ஊர் கைதட்டும். இங்கே பேசுபவருக்கு எதிரே ஒருவர் கடிகாரத்தோடு உட்கார்ந்திருக்கிறார். நேரம் நெருங்க நெருங்கப் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகள். இன்னொருவர் ‘ஆ’, ‘ம்’, ‘அப்புறம்’ எத்தனை வந்தது என்று கோடு போடுகிறார். பேசி முடித்ததும் ஒருவர் எழுந்து எது நன்றாக இருந்தது, எதைத் திருத்தலாம் என்று எல்லார் முன்னாலும் சொல்கிறார். யாருக்கும் கோபம் வரவில்லை. அது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

திரும்பும்போது பேராசிரியை கேட்டார், சேரலாமா என்று. பாக்கிப் பில்லை நினைத்துக்கொண்டு சரி என்றேன்.

ஆகஸ்ட் 3

டேபிள் டாபிக். தலைப்பை அங்கேயே தருவார்கள், ஒன்றிலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் பேச வேண்டும். சீட்டை எடுத்துப் படித்தார்கள்: ‘உங்கள் வீட்டில் அதிகம் பேசுபவர் யார்?’

முன்னால் போய் நின்றேன். “எங்க வீட்டுல…” அதற்குமேல் வரவில்லை. ஃபேன் சத்தம் கேட்டது. யாரும் இருமவில்லை, எடுத்துக்கொடுக்கவில்லை, பாவம் என்று முகம் காட்டவில்லை. அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். பச்சை அட்டை ஏறிவிட்டது. அப்புறம் எப்படியோ வந்தது: “எங்க வீட்டுல அதிகம் பேசறவரு இப்பப் பேசறதில்லீங்க. அதனால நான் வந்திருக்கேன்.” உட்கார்ந்துவிட்டேன். கைதட்டினார்கள். கைகால் நடுக்கம் வீடுவரை இருந்தது.

ஆகஸ்ட் 15

கொழுந்தனார் குடும்பம் வந்திருந்தது. அண்ணன்மேல் உயிர் அவருக்கு. இவர் வாயைத் திறந்தால் போதும், “தண்ணியாண்ணா? காப்பியா? ஃபேன் போடவா? டிவியா?” ஒன்றுக்கும் இவர் தலையசைக்கவில்லை. கடைசியில் டம்ளரைத் தட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கொழுந்தனார் அழுதுவிட்டார். இவர் என்ன கேட்க வந்தார் என்று இந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது. அது நெஞ்சில் கிடந்து அறுக்கிறது.

ஆகஸ்ட் 16

பாக்கிப் பில்லுக்குக் கம்பெனியில் “அடுத்த வாரம்” என்றார்கள்.

செப்டம்பர் 14, சனி

ஐஸ் பிரேக்கர், அதாவது முதல் தயாரித்த பேச்சு. நாலிலிருந்து ஆறு நிமிடம், நம்மைப் பற்றியே சொல்ல வேண்டும். கடைசல் பட்டறைக் கணக்கைப் பற்றிப் பேசினேன். இரும்பு விலை, பிசிரு எடைக்குப் போடுவது, டெலிவரி சலானில் ஒரு எண் மாறினால் பில் எத்தனை நாள் தூங்கும் என்பது. பிள்ளைகள் ரசித்துக் கேட்டார்கள். தொழிலைப் பற்றி இவர் பேசித்தான் கேட்டிருக்கிறேன். நான் பேசினாலும் அதற்கு ருசி இருக்கிறது.

கோடு போடுகிறவர் எழுந்து, “அம்மா ‘வந்து’ நிறையச் சொல்றாங்க. அந்த இடத்துல பேசாம நிறுத்துங்க, போதும்” என்றார். நல்ல யோசனைதான். வீட்டுக்கு வந்தால் தெரபிஸ்ட் பெண் வாசலிலேயே சிரித்துக்கொண்டு நிற்கிறார். “இன்னைக்கு ‘வந்து’ சொல்லிட்டு நிறுத்தினாரு. நான் வாயே திறக்கலை. ‘வந்து… கா… காப்பி’ன்னாரு!”

காப்பியை ஆற்றிக் கொடுக்கும்போது கை நடுங்கியது. சர்க்கரை போட மறந்துவிட்டேன், குடித்துவிட்டார்.

செப்டம்பர் 29

மோசமான நாள். வலது கை விரல் அசையவில்லை என்று அவருக்குக் கோபம். மருந்துச் செலவு, ஈ.பி. பில், பட்டறைப் பசங்கள் இரண்டு பேருக்குக் கூலி. நான் எதற்கு சனிக்கிழமைகளில் மேடை ஏறிக்கொண்டிருக்கிறேன்?

அக்டோபர் 11, ஆயுத பூஜை

இவரைப் பட்டறைக்குக் கூட்டிப்போனோம். லேத்துகளைத் துடைத்துச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று எல்லாம் பசங்களே செய்துவைத்திருந்தார்கள். ஸ்பீக்கரில் ‘தெய்வம்’ படத்தில் மதுரை சோமு பாடிய மருதமலைப் பாட்டு. இவர் கூடவே பாட ஆரம்பித்தார். சொல் சொல்லாக, தாளம் பிசகாமல். பசங்கள் பொரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள்.

பூசணிக்காய் உடைத்த பிறகு எல்லாரையும் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். “வந்து… வந்து… போ…” பசங்களில் பெரிய பையனுக்குப் புரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. வாயெடுக்கப் போனான். நான் அவனைப் பார்த்துத் தலையசைத்தேன். எல்லாரும் நின்றோம். வெளியே லாரி ஒன்று பின்னோக்கி வந்து, திரும்பி, போயும்விட்டது. “போ… போனசு.”

பசங்கள் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. பணம் எங்கிருந்து வரும் என்பது வேறு கணக்கு. சொல்லிவிட்டார், கொடுத்தாக வேண்டும்.

அக்டோபர் 19, சனி

கிளப்பில் கேக் வெட்டினார்கள். ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் கலிபோர்னியாவில் சாண்டா அனா ஊர் ஒய்.எம்.சி.ஏ.வில் இதைத் தொடங்கியது 1924 அக்டோபர் 22. வருகிற செவ்வாயோடு நூறு வருடம். பெண்களைச் சேர்த்தது 1973-ல்தானாம். அரை நூற்றாண்டு ஆண்கள் மட்டும் எழுந்து பேசி, உட்கார்ந்து, ஒருவரையொருவர் திருத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். கேக் நன்றாக இருந்தது. இந்த விஷயம் எனக்கு இறங்கவில்லை. பேராசிரியையிடம் சொன்னேன். “அதையே அடுத்த பேச்சா எடுங்க” என்றார்.

அக்டோபர் 27

கடனை வாங்கிப் போனஸ் கொடுத்தாயிற்று.

நவம்பர் 7

தீபாவளியும் போய்விட்டது, பில் வரவில்லை. ஆடிட்டரிடம் போய் உட்கார்ந்து விவரம் கேட்டேன். 2006-ம் வருடச் சட்டம். எங்களைப் போல் உத்யம் பதிவு உள்ள சின்னப் பட்டறைக்கு, சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் வாங்கியவர் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. எல்லாத் தேதியையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டேன்.

ராத்திரி அதைப் பேசிப் பார்த்தேன். இவர் கட்டிலில் சாய்ந்து, இடது கையில் அட்டைகள். கிளப்பில் செய்ததைப் பார்த்துப் பேத்தி வெட்டிக் கொடுத்தவை. நான் சட்டத்தில் ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியம்கூட ஆகவில்லை, சிவப்பு! “ஏனுங்க, இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்களே” என்றேன். தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். உட்கார்ந்து காத்திருந்தேன். “மொ… மொதல்ல… சரக்கு.”

சரிதான். சரக்கு குறையில்லாமல் போனதை முதலில் கம்பெனிக்காரர் வாயால் ஒப்புக்கொள்ள வைத்துவிட்டுத்தான் பணத்துக்கு வர வேண்டும். இருபது வருடம் இவர் இப்படித்தான் வசூல் செய்திருக்கிறார்.

நவம்பர் 8

பேசினேன். சரக்கில் குறை உண்டா என்றேன், இல்லை என்றார் கம்பெனிக்காரர். தேதிகளைப் படித்தேன். 45 நாள் என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. நெடுநேரம் கழித்து, “திங்கக்கிழமை ஆபீஸுக்கு வாங்க, மேனேஜரைப் பாருங்க” என்றார். தருவதாகச் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை.

இவரிடம் சொன்னதும் கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையைக் காட்டுகிறார், தானும் வருவதாக. அந்த ஆபீஸ் இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. பெரிய பையனை வரச்சொல்லியிருக்கிறேன்.