மயிலம் மலையும் மரக்காணம் உப்பளமும்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் வழியில் அமைந்த திருத்தலம் மயிலம். மயில் வடிவிலான சிறு குன்றின் மீது வள்ளி, தெய்வானையுடன் சுப்பிரமணிய சுவாமி எழுந்தருளியிருக்கிறார். தோல்வியுற்ற சூரபத்மன், முருகப்பெருமானுக்கு வாகனமாகும் பேறு வேண்டி இங்கே மலையுருக் கொண்டு தவமிருந்தான் என்பது தல வரலாறு. சிவகணத்தவரான சங்கு கன்னர், பால சித்தராக அவதரித்துத் தவம் புரிந்ததும் இம்மலையில்தான். பொம்மபுர ஆதீனத்தின் பராமரிப்பில் உள்ள இத்தலத்தை அருணகிரிநாதர் பாடிப் பரவியுள்ளார்.

தரிசனம் முடித்து வெளியே வந்தால், கீழே ஊரும் அதனைச் சூழ்ந்த வயல்களும் ஏரிகளும் விரிந்து கிடக்கின்றன. உயரமான மலையன்று, ஆயினும் சுற்றிலும் சமவெளி என்பதால் பார்வை நெடுந்தொலைவு செல்கிறது. ஏரி நிறைந்தால் இவ்வூர்களின் களஞ்சியம் நிறையும். ஆகவே இம்மலையடிவாரத்து உழவர் முருகனிடம் கேட்பது மழையே.

இச்சமவெளியின் ஏரிகள் பலவற்றின் உபரி நீர் கிழக்கே ஓடிக் கழுவெளியில் கலக்கிறது. பறவைகள் வந்து தங்கும் இந்த உவர்நீர்ப் பரப்பு, 2021-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதனையடுத்த கடற்கரையில் இருக்கிறது மரக்காணம். கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருமருங்கும் உப்புப் பாத்திகள் வெயிலில் மின்னுகின்றன. உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிக் காயவைத்து, படிந்த உப்பை வாரிக் குவிக்கிறார்கள். கண்கூசும் அந்த வெண்மையில் வெறுங்காலுடன் நிற்பவர்களுள் பெண்கள் பலர். கோடையில் ஒருநாள் பெருமழை பெய்தாலும் பல நாள் உழைப்புக் கரைந்துவிடும். ஆகவே இவர்கள் இறைவனிடம் கேட்பது வெயிலே.

உப்பு விளையாத மழைக்காலத்தில் இவர்களுக்கு வேலை இல்லை. அதனை உணர்ந்தே தமிழக அரசு 2022-ஆம் ஆண்டு முதல் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கி வருகிறது.

மரக்காணத்தில் கிரிஜாம்பிகையுடன் அருள்புரிபவர் பூமீஸ்வரர். முதலாம் இராசராசன் காலம் தொட்டுச் சோழர் கல்வெட்டுகளைத் தாங்கி நிற்கும் கற்றளி இது. சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் இவ்வூரே என அறிஞர் பலர் கருதுவர். இறைவனின் திருப்பெயர் பூமிக்கு உரியது. 'கிரிஜா' என்றாலோ மலைமகள். மலையே இல்லாத உப்புக் கரையில் மலைமகள் குடியிருப்பது எண்ணி மகிழத்தக்கது.

ஒருவர் மழை கேட்கிறார். ஒருவர் வெயில் கேட்கிறார். யார் வேண்டுதலை இறைவன் ஏற்பான்? இருவருக்கும் உரிய பருவத்தை அவன் பகுத்தே வைத்திருக்கிறான். ஐப்பசி, கார்த்திகை உழவருக்கு. பங்குனி, சித்திரை உப்பளத்தாருக்கு. பருவம் தவறும்போதுதான் இருவரும் கலங்குகிறார்கள். வைத்தீஸ்வரன் கோயிலில் உப்பும் மிளகும் காணிக்கையிடும் அன்பர்களும், நாள்தோறும் உலையில் உப்பிடும் இல்லத்தரசிகளும், அந்த ஒரு சிட்டிகைக்குப் பின்னுள்ள வெயிலை ஒருகணம் நினைத்தல் நலம்.

ஆண்டுதோறும் மாசி மகத்தன்று மயிலம் முருகன் மலையைவிட்டு இறங்கிப் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறான். நெல் விளையும் நிலத்தைக் கடந்து உப்பு விளையும் கடலைத் தேடி வருகிறான் வேலவன். குளிர்காலம் கழிந்து உப்பளங்கள் சுறுசுறுப்படையும் பருவமும் அதுவே.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். காலையில் மயிலம் மலையையும் மாலையில் பூமீஸ்வரரையும் தரிசிப்போர், தங்கள் குறைகளோடு இவ்விரு வேண்டுதல்களையும் சேர்த்துச் சொல்லி வரலாம்: ஏரிகள் நிறையட்டும், பாத்திகளும் விளையட்டும்.