முன் பிரேக்கும் பின் வெளிச்சமும்

ஓடும் மோட்டார் சைக்கிளில் பிரேக் பிடித்ததும் பாரம் முன் சக்கரத்தின் மேல் சாய்கிறது. பின் சக்கரம் இலேசாகிவிடுவதால், பின் பிரேக்கை எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் டயர் இழுபடுமே தவிர வண்டி சட்டென்று நிற்காது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. ஆனால் கடையம், ஆழ்வார்குறிச்சி, பாவூர்சத்திரம் பக்கம் இன்றும் ஓடுகிற பழைய புல்லட், யெஸ்டி, ஆர்.எக்ஸ். 100 வண்டிகள் பலவற்றில் முன் பிரேக் பெயருக்குத்தான் இருக்கிறது. முன் பிரேக்கைப் பிடித்தால் தூக்கி எறிந்துவிடும் என்ற பயம் ஒரு காரணம். பிடித்தாலும் நிற்காது என்ற அனுபவம் இன்னொரு காரணம். இரண்டாவதைச் சரிசெய்தால் முதலாவது தானே குறையும். பழைய டிரம் பிரேக் பிறவியிலேயே பலவீனமானதல்ல. கையிலிருந்து டிரம் வரை போகும் வழியில், ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக அதன் பலம் கசிந்துபோகிறது.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தோடு சேர்ந்து மெட்ராஸ் மோட்டார்ஸ் 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட்டின் முன் டிரம்மில் ஒரே கேம்தான். அது இரண்டு ஷூக்களையும் விரிக்கும். அவற்றில் ஒன்று லீடிங் ஷூ, மற்றது டிரெய்லிங் ஷூ. கம்பைத் தரையில் ஊன்றி முன்னால் தள்ளிக்கொண்டு நடந்தால் அது மண்ணில் குத்தி நிற்கும். பின்னால் இழுத்துக்கொண்டு நடந்தால் வழுக்கிக்கொண்டு வரும். அதுபோலவே லீடிங் ஷூவை டிரம்மின் சுழற்சியே தன்மேல் இழுத்து அழுத்திக்கொள்கிறது. டிரெய்லிங் ஷூவைத் தள்ளிவிடுகிறது. பின்னாளில் வந்த 7 அங்குல முன் டிரம்மில் இரண்டு கேம் வைத்து இரண்டையும் லீடிங் ஷூ ஆக்கினார்கள். அதே கை அழுத்தத்துக்குக் கூடுதல் பிடி கிடைத்தது.

இந்த அமைப்புக்கு ஒரு குணம் உண்டு, மலைப்பாதையில் போகிறவர்கள் அதைத் தெரிந்திருக்க வேண்டும். சக்கரம் பின்னோக்கி உருண்டால் இரண்டு ஷூவும் டிரெய்லிங் ஆகிவிடும். புளியரையிலிருந்து கோட்டைவாசலுக்கு ஏறும் எஸ் வளைவில் லாரிகளுக்குப் பின்னால் ஏற்றத்தில் நிற்கும்போது, முன் பிரேக்கை மட்டும் பிடித்திருந்தால் வண்டி மெல்லப் பின்னால் வழுக்கும். அது பழுதில்லை. அங்கே கால் பிரேக்கால்தான் பிடித்து நிறுத்த வேண்டும். பழைய புல்லட்டில் அது இடது காலில்.

வேலையைக் கேபிளில் தொடங்குவது நல்லது. செலவு குறைவு, பலன் உடனே தெரியும். ஒருவர் லிவரை இறுக்கிப் பிடிக்க, இன்னொருவர் கேபிளின் வளைவைப் பார்க்க வேண்டும். வெளி உறை நெளிந்து நிமிர்ந்தால், கை கொடுக்கும் இழுப்பில் ஒரு பங்கு உறையைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. தடித்த உறையும் உள்ளே வழுவழுப்பான குழாயும் உள்ள கேபிளை, கூர்மையான மடிப்பு இல்லாமல் கொண்டுபோக வேண்டும். லிவரின் போல்ட் துளை முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் புஷ் அடிக்கலாம், அல்லது லிவரையே மாற்றலாம். வேறு வண்டியின் லிவரைப் போடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: போல்ட்டுக்கும் கேபிள் நிப்பிளுக்கும் உள்ள தூரம். அது குறைந்தால் இழுவிசை கூடும், இழுக்கும் நீளம் குறையும். கூடினால் நேர்மாறு. அளக்காமல் மாட்டப்பட்ட அழகான லிவர் பல வண்டிகளில் பிரேக்கைக் கெடுத்திருக்கிறது.

அடுத்தது, கேபிள் இழுத்துக் கேமைத் திருப்பும் கேம் கை. ஷூ டிரம்மைத் தொட்டு இறுகும் நேரத்தில் கேபிளும் அந்தக் கையும் 90 பாகையில் நிற்க வேண்டும். 60 பாகையில் நின்றால் இழுப்பில் 87 சதவீதம்தான் கேமைத் திருப்பும். 45-இல் 71 சதவீதம். ஷூவின் லைனிங் தேயத் தேய அட்ஜஸ்டரைத் திருகிக்கொண்டே போனால், கை சாய்ந்து இந்தக் கோணம் கெடும். அப்போது திருகுவதை விட்டுவிட்டு லைனிங்கைப் பார்க்க வேண்டும். இரட்டைக் கேம் வண்டியில் இரண்டு கைகளையும் இணைக்கும் கம்பியின் நீளம்தான் எல்லாம். கம்பியின் ஒரு பக்கப் பின்னைக் கழற்றிவிட்டு, முதல் கையைத் தள்ளி அதன் ஷூ டிரம்மில் உரசுவதைச் சக்கரத்தைச் சுற்றிக் கேட்க வேண்டும். பிறகு அடுத்த கையையும் அப்படியே. இரண்டும் தொட்டபடி இருக்கும்போது விரலால் தள்ளியதுமே அந்தப் பின் உள்ளே போனால் கம்பியின் நீளம் சரி. சுத்தியலால் அடித்துப் பின்னை ஏற்றியிருந்தால் ஒரு ஷூ வேலை செய்கிறது, மற்றது வேடிக்கை பார்க்கிறது.

டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதக் கூடாது, காற்றடித்தும் தள்ளக் கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டி எறிந்துவிட வேண்டும். நம் பட்டறைகளில் அதிகம் அலட்சியப்படுத்தப்படும் விஷயம் இதுதான். வேலை கற்க வரும் பையன்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

புது ஷூ வாங்கி மாட்டினால் பிரேக் சரியாகிவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. லைனிங் முழுக்கச் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, ஷூவை மாட்டி, இலேசாகப் பிரேக் பிடித்துச் சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றிவிட்டுக் கழற்றிப் பார்த்தால் உண்மை தெரியும். பெரும்பாலும் நடுவில் விரல் அகலத்துக்குச் சுண்ணம் அழிந்திருக்கும். இரண்டு ஓரமும் வெள்ளையாகவே இருக்கும். அந்த விரலகலம்தான் வண்டியை நிறுத்தப் பார்க்கிறது. ஷூக்களைப் பிளேட்டிலேயே மாட்டி, கேமுக்கும் ஷூவுக்கும் இடையே மெல்லிய தகடு கொடுத்து, லேத்தில் டிரம்மின் உள்ளளவுக்குச் சற்றுக் குறைவாகக் கடைந்தால் முழு லைனிங்கும் தொடும். லேத் வசதி இல்லாவிட்டால் டிரம்முக்குள் உப்புத்தாளை ஒட்டி ஷூவைத் தேய்த்தெடுக்கலாம். நேரம் பிடிக்கும், ஆனால் பலன் உண்டு.

பிரேக் பிடிக்கும்போது லிவர் கையில் துடித்தால் டிரம் வட்டமாக இல்லை என்று பொருள். இதற்குப் பல நேரம் ஸ்போக்குகளே காரணம். அவை இழுக்கும் இழுப்பில் டிரம் சற்றே கோணுகிறது. ஆகவே ஹப்பைத் தனியாகக் கடைவது வீண். ஸ்போக் கட்டி, கோட்டம் எடுத்து, இறுக்கம் பார்த்த பிறகு, சக்கரத்தோடு சேர்த்துத்தான் கடைய வேண்டும். அதற்கு 19 அங்குல ரிம் சுழலும் அளவுக்குப் பெரிய லேத் வேண்டும். மாட்டும்போது ஆக்சில் நட்டைத் தளர்வாக விட்டு, லிவரை இறுக்கிப் பிடித்தபடியே நட்டை முடுக்கினால் பிளேட் நடுவில் வந்து உட்காரும். கேமுக்கு வெப்பம் தாங்கும் கிரீஸ் துளிதான். அதிகம் பூசினால் அது லைனிங்குக்குப் போகும்.

இவ்வளவும் முடிந்த பிறகு டிஸ்க் பிரேக்குக்கு மாற்றலாமா என்ற கேள்வியே எழாது. ஃபோர்க்கும் ஹப்பும் மாறினால் வண்டியின் உருவம் போகும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் கட்டுப்படுத்துகிறது.

ஆனால் வேலை இன்னும் முடியவில்லை. பழைய வண்டிகள் பலவற்றில் பிரேக் லைட் சுவிட்ச் கால் பிரேக்கில் மட்டுமே உண்டு. முன் பிரேக்கை மட்டும் பிடித்து வேகம் குறைப்பவரின் பின்விளக்கு பேசாமல் இருக்கும். பிரேக் நன்றாகப் பிடிக்கப் பிடிக்க இந்த ஆபத்து கூடுகிறது. ஆரியங்காவிலிருந்து திரும்பி வரும் இறக்கத்தில் பின்னால் வருவது பாரம் ஏற்றிய லாரியாக இருக்கலாம். முன் பிரேக்கைச் சரிசெய்து தருகிற மெக்கானிக் முன் சுவிட்சையும் வைத்துக்கொடுப்பதே முறை.

அதற்கு இரண்டு வழி உண்டு. கேபிளை நடுவில் பிரித்து இடையில் செருகும் சுவிட்ச் ஒன்று. கேபிள் இழுபடும்போது உள்ளிருக்கும் ஸ்பிரிங் அமுங்கி விளக்கு எரியும். மாட்டுவது சுலபம், ஆனால் அந்த ஸ்பிரிங் லிவரின் இழுப்பில் ஒரு பங்கைத் தின்றுவிடும். பாடுபட்டுச் சேர்த்த பலம் அங்கே போகும். லிவரின் அடியில் அமரும் சிறு பித்தான் சுவிட்சே மேல். இப்போதைய வண்டிகளின் லிவர் பிடிமானங்களில் அது சாதாரணமாகக் கிடைக்கிறது. முன் சுவிட்சின் இரண்டு ஒயர்களையும் பின் சுவிட்சின் இரண்டு முனைகளோடு சேர்த்துவிட்டால் போதும்; எதைப் பிடித்தாலும் விளக்கு எரியும். ஷூ டிரம்மைத் தொடுவதற்குச் சற்று முன்பே அது எரிய வேண்டும்.

6 வோல்ட் வண்டியில் 18 வாட் பல்பு 3 ஆம்பியர் இழுக்கும். துருப்பிடித்த எர்த், பச்சை பூத்த ஹோல்டர், தளர்ந்த முனை ஆகியவற்றில் அரை வோல்ட் தொலைந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். குற்றாலச் சாரலில் ஓடும் வண்டிக்கு இது ஒரு சீசனிலேயே வந்துவிடும். மட்கார்டு வழியாக எர்த் எடுப்பதை நம்பாமல் பேட்டரி வரை தனி ஒயர் இழுப்பது நிரந்தரத் தீர்வு. பல்பின் இரண்டு காதுகளும் ஒரே உயரத்தில் இருக்காது. தேய்ந்த ஹோல்டரில் தலைகீழாகத் திணித்தால் சாதாரணப் பின்விளக்கே முழுப் பிரகாசமாக எரியும், பிரேக் பிடித்தால் மாற்றமே தெரியாது. எல்.இ.டி. போட்டால் மின்சாரம் மிச்சம். இழைப் பல்பைவிட ஏறக்குறைய 0.2 விநாடி முந்தியும் எரியும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 3 மீட்டருக்கு மேல். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எல்.இ.டி.யே போட வேண்டும். வெள்ளையின் ஒளியில் பெரும்பகுதியைக் கண்ணாடி விழுங்கிவிடும்.

சோதனையை நண்பகல் வெயிலில் செய்ய வேண்டும். ஒருவர் முன் லிவரை மட்டும் பிடிக்க, இன்னொருவர் 20 அடி தள்ளிப் பின்னால் நின்று பார்க்கட்டும். அந்த வெயிலிலும் விளக்கின் மாற்றம் தெரிந்தால் சரி. புது லைனிங் பழகுவதற்குச் சில நாள் ஓட்டம் தேவை, ஈர டிரம்மில் அது நடக்காது. ஆகவே வண்டி வைத்திருப்பவர்கள் ஜூனில் சாரல் தொடங்கும்வரை காத்திருக்காமல் மே மாதத்துக்குள் இந்த வேலையை முடித்துவிட வேண்டும்.