நான் சேர்த்த ஏழு பொம்மைகள்



போன மாதச் சுவரிதழில் பத்தாம் வகுப்பு அண்ணன் ஒருவர் தீப்பெட்டிப் படம் சேர்ப்பதைப் பற்றி எழுதியிருந்தார். அதைப் படித்ததும் எனக்கும் எழுத ஆசை வந்தது. நான் சேர்ப்பது பொம்மை. தயவுசெய்து சிரிக்காதீர்கள். "வயசுக்கு வந்த புள்ளைக்குப் பொம்மை என்னத்துக்குடி?" என்று எங்க அப்பத்தா தினமும் கேட்கிறது. அதற்குப் பதிலாகவும் இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது தொட்டிலில் போடும் பாப்பா பொம்மை இல்லை. பெரிய பெண் மாதிரி இருக்கும், டிரஸ் மாற்றி, தலை சீவி விடும் பொம்மை. மொத்தம் ஏழு. நான்கு கோயில் திருவிழாக் கடையில் வாங்கியது. ஒன்று திருப்பூரிலிருந்து பெரியம்மா கொண்டு வந்தது. மீதி இரண்டுதான் உண்மையான பார்பி. கோயம்புத்தூரில் எங்க அத்தை வேலை செய்யும் வீட்டில் ஒரு அக்கா காலேஜ் போனதும் "உங்க அண்ணன் பொண்ணுக்குக் கொடுங்க" என்று தந்தது.

பார்பி பற்றி நம் டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ரூத் ஹேண்ட்லர் என்ற அம்மா இருந்தார். அவர் மகள் பார்பரா, காகிதத்தில் வெட்டிய பெண் பொம்மைகளை வைத்துக்கொண்டு, பெரியவளானால் என்னென்ன செய்யலாம் என்று விளையாடுவாளாம். அதைப் பார்த்துத்தான் அவருக்குப் பெரிய பெண் உருவத்தில் பொம்மை செய்யும் யோசனை வந்தது. அவருடைய மேட்டல் கம்பெனி 1959-ல் மகள் பெயரையே வைத்துப் பார்பியைக் கொண்டு வந்தது. உயரம் 11.5 அங்குலம். நம் 30 செ.மீ. ஸ்கேலை விடக் கொஞ்சம் குட்டை. 1965-ல் விண்வெளி வீராங்கனை உடையிலும் பார்பி வந்துவிட்டது. மனிதன் நிலவில் இறங்கியதே 1969-ல் தான்! ஆகவே அப்பத்தா, இது பெரிய பெண்ணாவதைப் பற்றி யோசிக்கிற பொம்மை. என் வயசுக்குச் சரிதான்.

சரி, பொம்மை நல்லதா, மட்டமா என்று எப்படிப் பார்ப்பது? ஏழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து நான் கண்டுபிடித்தவை இவை.

1. முடி: மேலே பார்த்தால் எல்லாம் அடர்த்தியாகத்தான் தெரியும். முடியை விலக்கிப் பாருங்கள். நல்லதில் வரிசை வரிசையாக, நெருக்கமாகக் குத்தியிருப்பார்கள். திருவிழாப் பொம்மையில் ஓரத்தில் மட்டும் குத்தி, நடு மண்டையை மொட்டையாக விட்டிருப்பார்கள்.

2. உடம்பு: கட்டை விரலால் வயிற்றை அமுக்குங்கள். 'டப்' என்று உள்ளே போனால் அது வெறும் கூடு. மேலே இருந்து விழுந்தால் விரிசல் விடும்.

3. மூட்டு: என்னிடம் உள்ள ஒரு பார்பிக்கு முழங்காலை மடக்கினால் 'டிக் டிக்' என்று சத்தம் வந்து அப்படியே நிற்கும். ஆனால் எல்லா பார்பிக்கும் கால் மடங்காது. விலை குறைந்ததில் நேராகத்தான் இருக்கும். அதனால் கால் மடங்கவில்லை என்பதற்காக டூப்ளிகேட் என்று சொல்லிவிடக் கூடாது.

4. முகம்: கண் அச்சு இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரியம்மா தந்த பொம்மைக்கு ஒரு கண் மேலே ஏறி எப்போதும் சந்தேகமாகப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

5. துணி: இதுதான் முக்கியம். உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். மட்டமானதில் ஓரம் மடித்திருக்காது, நூல் பிரியும். சிலதில் தைக்கவே இல்லை, பசை போட்டு ஒட்டியிருப்பார்கள்.

6. முதுகு: உண்மையான பார்பிக்கு முதுகில் சின்ன எழுத்தில் கம்பெனி பெயரும் வருடமும் இருக்கும். என்னுடையதில் 1999 என்று இருக்கிறது. அது அந்தப் பொம்மை செய்த வருடம் இல்லை, அந்த உடம்பு வடிவத்துக்கு உரிமை பெற்ற வருடம். பல வருடம் அதே எண்தான் வரும்.

நல்ல பொம்மையிலும் குறை உண்டு. என் பார்பியின் பாதம் குதிகால் செருப்புக்காகத் தூக்கியே இருப்பதால் தானாக நிற்காது. இடுப்பு என் மணிக்கட்டை விடச் சின்னது. அந்த மாதிரி உடம்போடு யாரும் தண்ணிக் குடம் தூக்க முடியாது. 2016-ல்தான் உயரம், குட்டை, சற்றுப் பருமன் என்று வேறு மூன்று உடம்புகளும் வந்தன. கறுப்பு நிறத்தில் பார்பி என்ற பெயரோடு பொம்மை 1980-லேயே வந்துவிட்டது. எங்க ஊர்த் திருவிழாக் கடைக்கு இன்னும் வரவில்லை. அங்கே எல்லாமே ரோஸ் கலர்தான்.

இனி நான் எழுத நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இந்த வருடம் வைகாசியில் கரூர் மாரியம்மன் திருவிழாவுக்குப் போனோம். அப்பா ஒரு கடையில் நின்று, ரோஸ் அட்டைப் பெட்டியில் இருந்த பொம்மையை நூற்றைம்பது ரூபாய்க்கு எனக்காக வாங்கினார். அது என் ஏழாவது பொம்மை. வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்றார்கள். எனக்குத் தெரிந்ததைக் காட்ட வேண்டும் என்று ஒரு பெருமை. பொம்மையைத் திருப்பினேன். முதுகில் ஒன்றும் இல்லை. "அப்பா, இது டூப்ளிகேட். உங்கள நல்லா ஏமாத்திட்டாங்க" என்று சத்தமாகச் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அப்பா ஒன்றுமே சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அம்மாதான் திட்டினார். "ஏன் புள்ள, அந்த வாரம் அவருக்குப் பாதிச் சம்பளந்தான் வந்துச்சு. உனக்கு வாங்கோணும்னு டீ கூடக் குடிக்காம வெச்சிருந்த காசு அது." எனக்குச் சோறு இறங்கவில்லை.

ராத்திரி அப்பா வந்தார். எங்க அப்பா பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறார். டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து பொம்மையை எடுத்து, கட்டை விரலால் கையின் ஓரமாகத் தடவினார். "இங்க பாரு கண்ணு, அச்சு ரெண்டும் சேர்ற எடத்துல மேடு நிக்குது. பஸ் பாடியில இப்படி விட்டா மொதலாளி உள்ளயே விடமாட்டாரு. இது நல்ல வேலை இல்லைன்னு கடையிலயே எனக்குத் தெரியும். இருந்த காசுக்கு இதுதான் வந்துச்சு. என்னை யாரும் ஏமாத்தலை சாமி" என்றார்.

முதுகு, முடி, தையல் என்று ஆறு விஷயம் கண்டுபிடித்த நான், இந்த மேட்டைக் கவனிக்கவே இல்லை. "தெரியாமச் சொல்லிட்டேன்ப்பா" என்று அழுதேன்.

மறுநாள் அப்பா பட்டறையிலிருந்து ஒரு துண்டு வாட்டர் பேப்பர் கொண்டு வந்தார். தண்ணீர் தொட்டுத் தொட்டு, கையிலும் காலிலும் இருந்த மேட்டை எல்லாம் தேய்த்துவிட்டார். இப்போது தடவினால் வழவழவென்று இருக்கிறது. என்னிடம் உள்ள பார்பிக்குக் கூட அந்த அளவு இல்லை.

துணிக்கு நானும் அம்மாவும் பொறுப்பு. அம்மா வீட்டில் மிஷின் போட்டு ஏப்ரனும் கிளவுஸும் தைத்துக் கொடுக்கிறார். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. வெட்டி மீந்த துணியில் ஒரு பாவாடை சட்டை தைத்தோம். சட்டைக் கை இரண்டு விரல் அகலம்தான், மிஷினில் போகவில்லை. கையால் தைக்க வேண்டி வந்தது. அப்போது அம்மாவிடம் டீச்சர் சொன்ன ஒன்றைச் சொன்னேன். முதல் பார்பிகளை ஜப்பானில்தான் செய்தார்கள். அவற்றின் உடைகளை அங்கே பெண்கள் வீட்டில் உட்கார்ந்து தைத்தார்களாம். அம்மா ஊசியை நிறுத்திவிட்டு, "அப்படியா! அவங்களுக்கும் பீஸ் ரேட்டுதானா?" என்று கேட்டுச் சிரித்தார். அத்தை தந்த பார்பியின் கவுனைத் திருப்பிப் பார்த்து, "ஓரம் நல்லா மடிச்சிருக்கா, யாரு பெத்த புள்ளயோ" என்றார். அதுவரை அந்தத் தையலை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். ஒரு ஆள் உட்கார்ந்து தைத்தது என்று ஒரு தடவை கூட நினைத்ததில்லை.

இன்னொரு செய்தியும் டீச்சர் சொன்னார். 1950-களில் ஜெர்மனியில் லில்லி என்று ஒரு பொம்மை விற்றது. ரூத் ஹேண்ட்லர் 1956-ல் சுவிட்சர்லாந்து போனபோது அதைப் பார்த்து வாங்கி வந்தார். பார்பியின் உருவம் அதைப் பார்த்து வந்ததுதான். நான் ஒரிஜினல், ஒரிஜினல் என்று குதித்த பொம்மையே இன்னொன்றைப் பார்த்துச் செய்ததா என்று வாயடைத்துப் போனேன்.

அதற்காக அப்பா வாங்கித் தந்தது உயர்ந்த தரம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். முடி இன்னும் கொட்டுகிறது. வயிறு 'டப்' என்கிறது. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் நான் முதலில் எடுத்துக் காட்டுவது அதைத்தான். தரம் பார்க்கத் தெரிவது நல்லதுதான். அதை யார் முன்னால் எப்படிச் சொல்வது என்றும் தெரிய வேண்டும். இது எனக்கு இந்த வருடம் கிடைத்த பாடம்.

கடைசியாக இரண்டு குறிப்பு. பொம்மையின் கை கழன்றுவிட்டால் தூக்கிப் போடாதீர்கள். கையின் மேல் முனையைச் சுடுதண்ணீரில் சிறிது நேரம் வைத்தால் இளகும். அப்போது அழுத்தினால் உள்ளே போய்விடும். சிக்கு விழுந்த முடியையும் சுடுதண்ணீரில் நனைத்து, நுனியிலிருந்து மேலே மேலே சீவினால் நேராகும். சுடுதண்ணீருக்கு வீட்டில் பெரியவர்களைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் உடைந்த பொம்மை இருந்தால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் கொண்டு வாருங்கள். ஒரிஜினலா, டூப்ளிகேட்டா என்று கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி