ஆலையறிவும் ஏட்டறிவும்

செம்பனை ஆலைகளிலே தமிழர் பலர் ஆயுள் முழுதும் உழைத்து வருகின்றனர். ஆயினும், அவ்வாலையின் பாய்லர் எதனால் எரிகின்றது என்று தமிழிற் படித்தறிய விரும்பும் சிறுவனுக்கு நாம் எடுத்துக் கொடுக்கத்தக்க ஏடு யாது? இக்கேள்வியே நம்மையும் நண்பர் எழுவரையும் விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தின்பால் ஈர்த்தது.

2001-ஆம் ஆண்டில் ஆங்கிலத்திலே தொடங்கிய இக்களஞ்சியம் 2003-இல் தமிழுக்கும் வந்தது. எவரும் எழுதலாம், கூலி கிடையாது. எவரும் படிக்கலாம், கட்டணம் கிடையாது. ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நமக்குச் சூரிய சக்தி, காற்றாலை முதலியன பற்றிப் படிக்க நூல்களுக்குக் குறைவில்லை. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி மாணவனுக்கு அந்நிலை இல்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை தோறும் பிற்பகலில் கூடி எழுதுவதென முடிவு செய்தோம். நால்வர் தோட்டத்தார், நால்வர் பட்டணத்தார்.

முதல் நாளே ஒரு சொல் நம்மை மறித்தது. நூல்களில் "புதுப்பிக்கத்தக்க ஆற்றல்" என்று வழங்குகிறார்கள். நம்மோடு அமர்ந்திருந்த பாய்லர்காரப் பெரியவர், "எதைப் புதுப்பிக்கிறது, கிராணியாரே? பழைய பாய்லரையா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம், ஆனால் கேள்வி நியாயமானது. நிலக்கரியும் எண்ணெயும் எடுக்க எடுக்கக் குறைவன, வெயிலும் காற்றும் ஆற்றுநீரும் செலவிட்ட பின்பும் மீண்டும் வருவன என்று விளக்கியதும், "அப்படியானால் எங்கள் நாரும் ஓடும் அந்த வகைதானே?" என்றார். அந்த வகைதான். நூல் வழக்காதலின் சொல்லை மாற்றவில்லை. எனினும் பெரியவருக்குச் சொன்ன விளக்கத்தையே கட்டுரையின் முதல் வரியாக வைத்தோம்.

இளைஞரொருவர் விரைவு கருதி ஆங்கிலக் கட்டுரையை இயந்திரத்திடம் கொடுத்து மொழிபெயர்த்து வந்தார். "பவர் பிளாண்ட்" என்பது "சக்தித் தாவரம்" என்று வந்திருந்தது! தோட்டத்திலே எத்தனையோ தாவரம் கண்டிருக்கிறோம். அதை மட்டும் கண்டதில்லை.

பெரியவர் சொன்னவையோ வேறு. பழத்தைப் பிழிந்தபின் எஞ்சும் நாரும் கொட்டையின் ஓடும் பாய்லருக்குப் போகின்றன. அதில் எழும் நீராவி டர்பைனைச் சுழற்றி ஆலைக்கு மின்சாரம் தருகிறது; அந்த ஆவியே பின்னர் குலைகளை வேகவைக்கிறது. ஒரே நெருப்பு இரண்டு வேலை செய்கிறது. வெறுங்குலை மரத்தடிக்கு எருவாகத் திரும்புகிறது. எஞ்சிய கழிவுநீர் குளத்திற்குச் செல்கிறது. சூடு ஆறிய பின்னும் அக்குளம் குமிழியிட்டுக் கொண்டேயிருக்கும். காற்றுப்படாத அடிநீரில் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று மீதேன் வாயுவை விடுகின்றன. நூறாண்டுக் கணக்கிலே பார்த்தால் அது கரியமிலவாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பது. குளத்தை மூடி அவ்வாயுவைப் பிடித்து எஞ்சினில் எரித்தால், அதுவும் மின்சாரமாகும்.

இவ்வளவும் அவர் வாய்மொழி. களஞ்சியமோ வாய்மொழியை ஏற்பதில்லை. அச்சான சான்று கேட்கிறது. நண்பர் சிலருக்குச் சினம் வந்தது. "படித்தவன் எழுதினால்தான் உண்மையா? முப்பது வருஷம் தீயின் முன் நின்றவன் பேச்சு பொய்யா?" என்றனர். அச்சினத்தில் நமக்கும் பங்குண்டு. ஆயினும், பெரியவர் சொன்னார் என்பதற்காக எதையும் நம்பாதீர் என்று மேடைதோறும் பேசி வருவோர் நாம். நமக்கு வேண்டியவர் சொன்னால் மட்டும் சான்று வேண்டாமோ? ஆகவே பெரியவர் சொல்வதை ஒருவர் எழுதிக்கொள்ள, மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் வெளியீடுகளில் மற்றொருவர் அதைத் தேடுவார். அகப்பட்டால் சான்றுடன் ஏறும். அகப்படாதவை ஒரு தனி நோட்டில் கிடக்கின்றன. அதை அச்சிட எவரேனும் முன்வருவரோ என்பது வேறு கவலை.

நிற்க. இதனினும் பெரிய சோதனை சம்பளத்தால் வந்தது. நமக்குச் சோறு போடும் கம்பெனியைப் பற்றி நாமே எழுதுவது தகாது. கூலி பெற்று எழுதுவோர் அதை வெளியிடவேண்டும் என்று களஞ்சியமும் விதித்திருக்கிறது. ஆதலின் எந்தக் கம்பெனியின் பக்கத்தையும் தொடுவதில்லை. தொழிலின் பொது இயல்பையே எழுதுகிறோம். ஆனால் பொது இயல்பை எழுதப் புகுந்தால், செம்பனைக்காகக் காடுகள் அழிந்ததும், சதுப்பு நிலக்கரிமண் வடிக்கப்பட்டதும், அவ்வாறு வடித்த மண் தானே கரியமிலவாயுவை வெளியிடுவதும் வரத்தான் வேண்டும். வாயுவைப் பிடித்த பெருமையைச் சொல்லி, காட்டை இழந்ததை மறைத்தால் அது விளம்பரமேயன்றிக் களஞ்சியமாகாது. "நம் சோற்றில் நாமே மண்ணைப் போடுவதா?" என்று கேட்ட நண்பரொருவர் மறுவாரம் வரவில்லை. பிள்ளைகுட்டிக்காரர், அவரைக் குறைகூற நமக்கு மனமில்லை. அந்தப் பகுதியை நாமே எழுதினோம். ஆபீசில் இதுவரை எவரும் கேட்கவில்லை. கேட்கும் நாளும் வரலாம்.

பட்டணத்து நண்பர்கள் வேறு பக்கங்களை எடுத்துக்கொண்டனர். பகாங்கு ரவுப் தங்கச் சுரங்கத்திற்காக 1900-இலேயே செம்பாம் ஆற்றில் நீர்மின் நிலையம் அமைந்தது என்ற செய்தி அவர்களையே வியப்பிலாழ்த்தியது. சிங்கப்பூர் தெங்கே நீர்த்தேக்கத்தின்மீது 2021-இல் திறக்கப்பட்ட 60 மெகாவாட் மிதக்கும் சூரியப் பண்ணையும் அவர்கள் பங்கு.

சென்ற வாரம் பாய்லர்க் கட்டுரையைப் பெரியவரின் கைப்பேசியிலேயே காட்டினோம். கண்ணாடியை ஏற்றிவிட்டு மெல்ல வாசித்தார். சரியென்று சொல்வாரென எதிர்பார்த்திருந்தோம். "மழைக்காலத்தில் நார் ஈரமாகி, புகைபோக்கியில் கரும்புகை கிளம்புமே; அப்போது ஓட்டைக் கூடுதலாகப் போடுவோம். அதை ஏன் எழுதவில்லை?" என்றார். அதற்குரிய நூலைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.