பத்தியம் எழுதும் பெண்

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் சம்பளமில்லாமல் உழைத்தேன் என்றால், "எதற்காக அம்மா?" என்று நேயர்கள் கேட்கக்கூடும். 1963-இல் தோன்றிய இந்திய டயட்டெடிக் சங்கத்தின் பதிவுத் தேர்வை எழுத வேண்டுமானால், படிப்பு முடிந்தபின் ஆஸ்பத்திரியில் ஆறு மாதப் பயிற்சி வேண்டும்.

காலையில் சமையற்கட்டு. 100 கிராம் அரிசி வெந்தால் ஏறக்குறைய 300 கிராம் சோறு. அதைக் கண்ணாலேயே மதிக்கக் கற்றேன். சிறுநீரக நோயாளிகளுக்குக் காய்கறியை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பொட்டாசியத்தில் பெரும்பகுதி அதோடு போய்விடும். (ருசியும் அதோடு போய்விடும் என்பது சமையற்காரப் பெரியவர் கட்சி.) பிற்பகலில் வார்டுகளில் பத்தியத் தாள் நிரப்புவேன். நூற்றுக்கணக்கில் நிரப்பினேன். ஆனால், நோயாளியோடு பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசு என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

உத்தியோகத்தில் அமர்ந்த இரண்டாம் மாதம், மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். சிறுநீரகம் இரண்டும் தளர்ந்திருந்தன. இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். பரீட்சையாக இருந்தால் அந்தத் தாளுக்கு நூற்றுக்கு நூறு.

பத்தாம் நாள் அவரைக் கை கால் துவண்ட நிலையில் தூக்கி வந்தார்கள். 5-க்குள் இருக்க வேண்டிய இரத்தப் பொட்டாசியம் 6.5-ஐத் தாண்டியிருந்தது. இதயம் நின்றுவிடக்கூடும் என்று டாக்டர்கள் பதறினார்கள். இளநீரா? இல்லை. வாழைப்பழமா? தொடவேயில்லை. அவருடைய சம்சாரம் என்னைப் பார்த்துக் கும்பிட்டு, "நீங்க சொன்னபடி உப்பையே மாத்திட்டோம், தாயி. டவுன்ல வெலை கூடுன உப்பு வாங்கி, அதைத்தான் போடுறேன்" என்றாள்.

சோடியம் குறைத்த உப்பு! அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. 2025 ஜனவரியில் உலக சுகாதார ஸ்தாபனம் இவ்வகை உப்பைச் சிபாரிசு செய்தபோதே, சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது பொருந்தாது என்றும் சொல்லிவிட்டது. இது எனக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். "வீட்டில் என்ன உப்பு, அம்மா?" என்று கேட்கத்தான் தெரியவில்லை.

அவர் பிழைத்துக்கொண்டார். எனக்குத்தான் பல இரவுகள் தூக்கமில்லை.

குன்னூரில் டாக்டர் அய்க்ராய்ட் 1937-இல் வெளியிட்ட உணவு அட்டவணை முதல் இன்றைய ஹைதராபாத் அட்டவணை வரையில், எந்தக் காயில் என்ன சத்து என்று பார்த்துக்கொள்ளலாம். எந்த வீட்டு உப்புச் சாடியில் என்ன இருக்கிறது என்பது அவற்றில் இல்லை. ஆறு மாதப் பயிற்சி வீண் என்று நான் சொல்லமாட்டேன். தராசும் சமையற்கட்டும் எனக்கு இன்றைக்கும் உதவுகின்றன. அதில் ஒரு மாதமாவது வீட்டாரோடு பேசுவதற்கென்றே ஒதுக்கியிருக்கலாம். நாம் சொன்னதை அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லக் கேட்பதும் பழக வேண்டிய வேலைதான்.

இப்போது என்னிடம் இரண்டு பெண்கள் பயிற்சிக்கு வந்திருக்கிறார்கள். முதல் நாள் அவர்களுக்குத் தாள் கொடுக்கவில்லை. "ஒரு நோயாளியின் வீட்டில் நேற்று என்னென்ன சமைத்தார்கள் என்று முழுவதும் கேட்டு வாருங்கள்" என்றேன். அரை மணி கழித்து ஒருத்தி முகம் வாடி வந்தாள்.

"அக்கா, அந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் சமைப்பது மாமியாராம்."

"மாமியார் எங்கே?"

"வெளியே, வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்."

"அப்படியானால் இங்கே ஏன் நிற்கிறாய்?" என்றேன்.