திருப்பதி போறீங்களா? கோயில் பக்கத்திலேயே ஒரு கல் தோரணம்!

புரட்டாசி பிறந்தால் போதும், குன்னத்தூர் பக்கமிருந்து திருப்பதிக்கு வேன்கள் கிளம்பிவிடும். பனியன் கம்பெனிக்கு ஞாயிறு ஒருநாள்தான் லீவு. திங்கள் காலை திரும்பவும் மிஷின் முன்னால் உட்கார வேண்டும். அந்த அவசரத்தில் மொட்டை, தரிசனம், லட்டு என முடித்துக்கொண்டு பலரும் மலையிறங்கி விடுகிறார்கள்.

ஏழுமலையான் கோயிலுக்கு வடக்கே சுமார் ஒரு கிலோமீட்டரில் ஓர் அதிசயம் இருக்கிறது. அதைப் பார்க்காமலே பல வருஷமாகத் திருப்பதி போய் வருகிறவர்களும் உண்டு.

அதன் பெயர் சிலாதோரணம். சிலை என்றால் கல். எந்தச் சிற்பியும் செதுக்காமல், இயற்கையாகவே அமைந்த கல் வளைவு அது. அகலம் சுமார் 8 மீட்டர், உயரம் 3 மீட்டர். பெருமாள் இந்த மலையில் கால் பதித்த இடங்களில் இதுவும் ஒன்று என்பது பக்தர்களின் நம்பிக்கை. 1980-களில் நிலவியல் அறிஞர்களின் கண்ணில் பட்ட இந்தப் பாறை, இன்று தேசிய நிலவியல் நினைவுச்சின்னம்.

வளைவு எப்படி வந்தது? 100 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு படிந்த மணல், இறுகிக் கடினமான குவார்ட்சைட் பாறையானது. கட்டிங் டேபிளில் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்ததுபோல அடுக்கடுக்காகத் தெரியும். மழையும் காற்றும் அதை அரித்தன. பனியனில் ஒரு இழை விட்டுப்போனால் அங்கிருந்துதானே ஓட்டை பெரிதாகும்? பாறையிலும் அப்படித்தான். பலவீனமான பகுதி முதலில் உதிர, உறுதியான பகுதி மட்டும் வளைவாக நின்றுவிட்டது.

இதே ரகத்தைப் பார்க்கவே அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்துக்கு உலகமெங்குமிருந்து ஆட்கள் போகிறார்கள். அங்குள்ள ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவில் 2,000-க்கும் மேற்பட்ட கல் வளைவுகள். புகழ்பெற்ற டெலிகேட் ஆர்ச்சைப் பார்க்க, நிழலே இல்லாத பாறையில் போக வர சுமார் 5 கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

அந்தப் பூங்காவில் 2008 ஆகஸ்ட்டில் ஓர் இரவு, வால் ஆர்ச் என்ற பெரிய வளைவு இடிந்து விழுந்தது. முந்தின நாள் வரை நின்றது, மறுநாள் வெறும் கற்குவியல். லேண்ட்ஸ்கேப் ஆர்ச் என்ற இன்னொன்றிலிருந்து 1991-ல் பெரிய பாறைத்துண்டு விழவே, அதன் அடியில் போகும் பாதையையே மூடிவிட்டார்கள்.

சிலாதோரணத்தின் பாறை அந்த மணற்கல்லைவிடக் கடினமானது. ஆனாலும் அதை உருவாக்கிய மழையும் காற்றும் இன்னும் வேலையை நிறுத்தவில்லை. அதனால்தான் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பது நல்லது. செல்ஃபிக்காக மேலே ஏறுவதும் கல்லில் பெயர் கிறுக்குவதும் வேண்டவே வேண்டாம்.

நடந்தே மலையேற நினைப்பவர்களுக்கு இரண்டு வழிகள். அலிபிரி பாதை சுமார் 9 கிலோமீட்டர், 3,550 படிகள். ஸ்ரீவாரி மெட்டு சுமார் 2 கிலோமீட்டர்தான், 2,388 படிகள். ஆனால் செங்குத்து அதிகம். சிறுத்தை நடமாடும் காடு என்பதால், குழந்தைகளோடு வருபவர்கள் தேவஸ்தானம் சொல்லும் நேரக் கட்டுப்பாட்டை மீற வேண்டாம். மேலே போய்ச் சேர்ந்தபின் கோயில் பகுதியிலிருந்து ஜீப்பிலும் சிலாதோரணம் போகலாம். அருகிலேயே சக்ர தீர்த்தமும் இருக்கிறது.

"கியூவுல நின்னே காலு போச்சு. இன்னும் எங்க கண்ணு நடக்கறது?" என்று அப்பத்தா அலுத்துக்கொள்ளலாம்.

"பக்கந்தானுங்க அப்பத்தா, மெதுவாப் போலாம் வாங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். தரிசனத்துக்குப் பல மணி நேரம் காத்திருக்கிறோம். அந்தக் கல்லுக்கு ஒரு மணி நேரம் போதும்.