வள்ளியம்மா பேரனின் முதல் ஆல்பம்

முதல் ஆல்பம் போடுகிற பாடகர் அதற்கு என்ன பெயர் வைப்பார்? பெரும்பாலும் தன் பெயரையேதான். 2006-ல் டெய்லர் ஸ்விஃப்ட் என்ற 16 வயசுப் பொண்ணு அமெரிக்காவில் கன்ட்ரி பாப் பாணியில் முதல் ஆல்பம் போட்டபோது, ஆல்பத்தின் பெயரும் "டெய்லர் ஸ்விஃப்ட்"தான். புதுசாக வருகிற ஆள்... பெயர் நாலு பேர் மனசில் பதிய வேண்டாமா!

2024-ல் நம்ம ஊர் அறிவு தன் முதல் தனி ஆல்பத்தை வெளியிட்டார். நாட்டுப்புற மெட்டும், ராப்பும், பறையும் கலந்து பாடுகிறவர். "வாத்தி ரெய்டு" பாட்டைக் கேட்டவர்களுக்கு அந்தக் குரல் தெரியும். அவர் ஆல்பத்துக்கு வைத்த பெயர் "வள்ளியம்மா பேராண்டி". அதில் "அறிவு" என்ற வார்த்தையே கிடையாது. ஒரு பாட்டியின் பெயர் இருக்கிறது, அவருக்குப் பேரன் என்ற உறவு இருக்கிறது. அவ்வளவுதான்.

ஏன் அப்படி? பாட்டி மேல் பாசம் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கடல் இருக்கிறது, ஒரு கப்பல் இருக்கிறது, ஒரு பெரிய சண்டையும் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள முதலில் ராமேஸ்வரம் பக்கம் போக வேண்டும்.

மண்டபம் கேம்ப்

ராமேஸ்வரம் என்றால் எல்லோருக்கும் கோயில் ஞாபகம் வரும், பாம்பன் பாலம் ஞாபகம் வரும், அப்துல் கலாம் ஞாபகம் வருவார். ரயிலில் போகிறவர்கள் பாலத்துக்கு முன்னால் "மண்டபம் கேம்ப்" என்று ஒரு பெயரைப் பார்த்திருப்பார்கள். என்ன கேம்ப் என்று யோசித்தவர்கள் குறைவு.

பிரிட்டிஷ்காரன் இலங்கை மலைகளில் முதலில் காப்பி போட்டான். காப்பிச் செடி நோய் வந்து அழிந்ததும் தேயிலைக்கு மாறினான். இரண்டுக்கும் ஆள் தமிழ்நாட்டிலிருந்துதான் போனது. 19-ஆம் நூற்றாண்டில் ராமநாதபுரம் கரையிலிருந்து தோணியில் மன்னாருக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம்.

பிறகு 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். போகிற தொழிலாளிகளை நோய் இல்லை என்று உறுதி செய்யும் வரை மண்டபத்தில் நிறுத்தி வைத்தார்கள். இருப்பது இந்திய மண், ஆனால் அந்த முகாமை நடத்தியது இலங்கை அரசாங்கம்! ஊசி போட்டு, துணியை மருந்தில் அலசி, சில நாள் அடைத்து வைத்து அப்புறம்தான் கப்பல் ஏற்றினார்கள்.

இப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு 1948-ல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம் குடியுரிமை தரவில்லை. பிறந்தது அங்கே, கொழுந்து பறித்தது அங்கே, ஆனால் நாடு இல்லை. "கள்ளத்தோணி" என்ற வசவுப் பெயர் மட்டும் கிடைத்தது.

1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடில்லாதவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மிச்சம் 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசுவது என்று முடிவானது. 1974-ல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆடு மாடு பாகம் பிரிக்கிற மாதிரி!

ஒப்பந்தம் ஆகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டது. அதன் பிறகு தலைமன்னார் கப்பல் ராமேஸ்வரத்துக்கே வந்தது. "ராமானுஜம்" என்று அந்தக் கப்பலுக்குப் பெயர். தாயகம் திரும்பியவர்கள் என்று அரசாங்கம் பெயர் வைத்த ஜனங்களில் பெரும்பாலோர் வந்து இறங்கியது இந்தக் கரையில்தான். 1984-ல் கப்பல் நின்றுபோனது. அதற்குள் அங்கே கலவரம் வெடித்து, படகில் அகதிகள் வர ஆரம்பித்திருந்தார்கள். அவர்களுக்கும் அதே மண்டபம் கேம்ப்தான்.

இறங்கியவர்களில் சிலர் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டத்துக்குப் போனார்கள். சிலர் கொடைக்கானல் பக்கம், சிலர் மில் வேலைக்கு. சொந்த ஊர் என்று காகிதத்தில் இருந்த கிராமத்தில் அவர்களைத் தெரிந்தவர் யாரும் இல்லை. அங்கே இருந்தபோது இந்தியாக்காரன் என்றார்கள். இங்கே வந்ததும் "சிலோன்காரங்க" ஆகிவிட்டார்கள்.

இவர்கள் கொண்டுவந்த டிரங்குப் பெட்டியைச் சுங்கத்தில் திறந்து பார்த்திருப்பார்கள். ஆனால் திறந்து பார்க்க முடியாத சாமான் ஒன்று எல்லோரிடமும் இருந்தது. பாட்டு! கொழுந்து பறிக்கும்போது பாடியது, குழந்தையைத் தூங்க வைக்கப் பாடியது, இழவு வீட்டில் மாரில் அடித்துக்கொண்டு பாடியது. மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை இந்தப் பாட்டுகளைத் தோட்டம் தோட்டமாகத் தேடிச் சேகரித்தார். அவர் கைக்கு அகப்படாதவை பாட்டிகளின் தொண்டையிலேயே இருந்தன.

அரக்கோணத்துப் பையன்

அப்படி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டுத் தமிழ்நாடு திரும்பிய ஒருவர்தான் வள்ளியம்மாள். அவருடைய பேரன் அறிவரசு, அரக்கோணத்துப் பையன். அப்பா அம்மா ஆசிரியர்கள். பாட்டியோ ஒப்பாரி பாடுகிறவர். ஒரே வீட்டில் பாடப் புத்தகமும் இருந்தது, எழுதாத பாட்டும் இருந்தது. பையன் எஞ்சினியரிங் படித்தான். ராப் பக்கம் போனான்.

2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் "தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்" குழுவின் முதல் மேடை. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. கானா, பறை, ராக், ராப் எல்லாம் ஒரே மேடையில். அதில் அறிவும் ஒருத்தர். 2019-ல் ஆஃப்ரோவுடன் சேர்ந்து "தெருக்குரல்" வந்தது. அதில் இரண்டு பேருக்கும் பங்கு. "காலா", "மாஸ்டர்" என்று சினிமாப் பாட்டும் எழுதினார். ஆனால் தனியாக ஒரு ஆல்பம் மட்டும் வரவில்லை.

அதற்குள் அந்தப் பாட்டு வந்துவிட்டது.

2021 மார்ச் 7. "எஞ்சாய் எஞ்சாமி". பாடியவர்கள் தீ, அறிவு. இசை சந்தோஷ் நாராயணன். வெளியிட்டது மாஜா. ஏ.ஆர். ரஹ்மான் ஆதரவோடு தொடங்கின நிறுவனம் அது. சினிமாவில் வராத ஒரு தமிழ்ப் பாட்டைக் கோடிக்கணக்கான பேர் பார்த்தார்கள். பாட்டுக்கு உயிர் கொடுத்த விஷயமே நிலமில்லாமல் உழைத்த முன்னோர்கள்தான். வள்ளியம்மாள் பேரே அதன் பின்கதையாக ஊர் முழுக்கப் பரவியது.

பாட்டு யாருடையது?

ஜெயித்த பாட்டுக்கு நூறு அப்பன் என்பார்கள். இங்கேயும் அதுதான் நடந்தது. 2021 ஆகஸ்டில் "ரோலிங் ஸ்டோன் இந்தியா" பத்திரிகை இந்தப் பாட்டையும் "சார்பட்டா"வின் "நீயே ஒளி" பாட்டையும் வைத்து ஒரு அட்டைப்படம் போட்டது. அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். முதல் பாட்டில் எழுத்தும் குரலும், இரண்டாவதில் எழுத்தும் தந்த அறிவு இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார், சர்ச்சை வெடித்தது. அதற்குப் பிறகுதான் அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது.

2022 ஜூலை 28-ல் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. அந்த மேடையில் பாட்டு பாடப்பட்டது. தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு அப்போது அமெரிக்காவில். சில நாளில் அவர் இன்ஸ்டாகிராமில் நீளமாக எழுதினார். பாட்டை உருவாக்கியது, எழுதியது, பாடியது எல்லாம் தான்தான் என்பது அதன் சாரம். தீயும் சந்தோஷ் நாராயணனும் பதில் சொன்னார்கள். பாட்டின் யோசனை எப்படிப் பிறந்தது, இயக்குநர் மணிகண்டனுக்கு அதில் என்ன பங்கு, ஒப்பாரியிலிருந்து எடுத்த பகுதிகள் எவை என்று சந்தோஷ் விளக்கினார். வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றார். 2024 மார்ச்சில் அவரே ஒரு காணொளியில் வந்து, அந்தப் பாட்டிலிருந்து மூவருக்கும் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்றார்!

இதில் யார் சரி, யார் தப்பு என்று தீர்ப்பு சொல்வது சுலபம் இல்லை. மெட்டு ஒருத்தர், வார்த்தை ஒருத்தர், குரல் ஒருத்தர், காசு போட்டவர் ஒருத்தர் என்று கூடிச் செய்கிற வேலை அது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இத்தனை பேர் கணக்கில் வரும்போது, ஒப்பாரியை முதன்முதலில் பாடிய பெண் எந்தக் கணக்கில் வருகிறாள்?

சட்டத்தைக் கேட்டால் கையை விரிக்கும். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. 2012-ல் செய்த திருத்தம் பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு, அதை எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்று பலமாகச் சொல்கிறது. நல்ல விஷயம். ஆனால் அதற்கு ஆசிரியர் யார் என்று தெரிய வேண்டும். நாட்டுப்புறப் பாட்டுக்கு ஆசிரியர் பெயர் கிடையாது. பெயர் இல்லாத சொத்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடுகிறது.

பிரிஸ்டல், 1927

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. கன்ட்ரி மியூசிக் பிறந்த இடத்திலேயே இதுதான் கதை. 1927-ல் ரால்ஃப் பீர் என்கிற ரெக்கார்டிங்காரர் டென்னசியில் பிரிஸ்டல் என்ற ஊரில் வந்து இறங்கி, மலைக்கிராமத்துப் பாடகர்களைக் கூப்பிட்டுப் பதிவு செய்தார். கார்ட்டர் குடும்பம் முதல் இசைத்தட்டுக்குப் பாடியது அங்கேதான். பிறகு ஏ.பி. கார்ட்டர் புதுப் பாட்டு தேடி ஊர் ஊராக அலைந்தார். அவருடன் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிதார்க்காரர் போனார். கார்ட்டர் வார்த்தையை எழுதிக்கொள்வார், ரிடில் மெட்டை மனசில் வாங்கிக்கொள்வார். அப்படிச் சேர்த்த பழைய பாட்டுகள் பலவற்றுக்கும் உரிமைப் பதிவில் ஏறின பெயர் கார்ட்டர். சொல்லிக்கொடுத்த கிழவிகள் பெயரும் இல்லை, ரிடில் பெயரும் இல்லை.

நம்ம பக்கத்தில் பெயரோடு நின்றவர்களும் உண்டு. கொல்லங்குடி கருப்பாயி! கொல்லங்குடி இன்றைக்குச் சிவகங்கை மாவட்டம், 1985-க்கு முன்பு பழைய ராமநாதபுரம் ஜில்லா. வானொலியில் நாட்டுப்புறப் பாட்டு பாடிக்கொண்டிருந்த அவரை 1985-ல் பாண்டியராஜன் "ஆண் பாவம்" படத்தில் நடிக்கவும் பாடவும் வைத்தார். 2025-ல் அவர் காலமானபோது தமிழ்நாடே பெயர் சொல்லி அஞ்சலி செலுத்தியது. ஊரும் பெயரும் சேர்ந்து நின்றதால்தான் அது முடிந்தது. அதே ஊரில் அவரோடு நாற்று நட்டுப் பாடிய மற்றப் பெண்கள் பெயர் யாருக்குத் தெரியும்?

அட்டையில் ஏறின பெயர்

இப்போது அந்த ஆல்பத்தின் பெயரைத் திரும்பப் படித்துப் பாருங்கள். "வள்ளியம்மா பேராண்டி". ஒரு பாட்டில் தன் பங்கு எவ்வளவு என்று மூன்று வருஷம் ஊரே விவாதித்த பிறகு, முதல் தனி ஆல்பம் போடுகிறவன் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போட்டது, சட்டப்படி எந்தப் பத்திரத்திலும் வர முடியாத பெயரை. ராயல்டி கணக்கில் வள்ளியம்மாளுக்குக் கட்டம் இல்லை. அட்டையில் இடம் இருந்தது. பேரன் என்று சொல்வதும் ஒரு வகையில் உரிமைப் பத்திரம்தான். இது எனக்கு எங்கிருந்து வந்தது என்று முதல் வரியிலேயே ஒப்புக்கொள்வது.

இது எல்லாப் பிரச்சினையையும் தீர்த்துவிடாது. எல்லாப் பாட்டிக்கும் பாடகன் பேரனாக வாய்ப்பதும் இல்லை. கப்பலில் வந்து இறங்கிய லட்சக்கணக்கான பேரில் ஒருத்தர் பெயர்தான் ஆல்பம் ஏறியிருக்கிறது.

ஆனால் ராமநாதபுரம் கரையில் இன்னும் பாட்டு இருக்கிறது. வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். பாம்பனில் மீனவர்களுக்கென்றே 2016-ல் "கடல் ஓசை" என்ற சமுதாய வானொலி தொடங்கினார்கள். இன்றைக்கு ஒவ்வொருத்தர் கையிலும் செல்போன் இருக்கிறது, அதுவே ரெக்கார்டிங் ஸ்டுடியோ. லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஒரு வேலை செய்யலாம். ஆச்சியோ அப்பத்தாவோ பாட ஆரம்பித்தால் ரெக்கார்ட் பட்டனை அமுக்குங்கள். பாட்டுக்கு முன்னால் ஒரு நிமிஷம் அவர்கள் பெயரையும், ஊரையும், யாரிடம் கற்றார்கள் என்பதையும் அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். நாளைக்கு அந்தப் பாட்டு எந்த ஆல்பத்தில் போய்ச் சேரும் என்று யாருக்குத் தெரியும்? சேரும்போது அந்தப் பெயரும் கூடவே போகட்டும்.